தேமல் வகை இரண்டு

மாடக்கண்ணுவின் நாக்கு சும்மா இருக்காது. பேச்சைச் சொல்லவில்லை, பேச்சில் அவர் படு கஞ்சம். காட்டில் நடக்கும்போது ஏதாவது ஓர் இலையில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு புள்ளி தெரிந்துவிட்டால், சுட்டுவிரலை நாக்கில் தொட்டு, அந்த எச்சில் விரலால் புள்ளியின் மேல் ஒரு தடவு தடவுவார். ஈரம் பட்டு அரை நிமிடத்தில் புள்ளி பச்சை காட்டினால் உயிர் இருக்கிறது, எடுக்கலாம் என்று அர்த்தம். காட்டாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்.

"நாக்கை வைக்காதீங்கன்னு எத்தனை தடவ சொல்லுறது? பாட்டில்ல தண்ணி இருக்குல்லா?" என்று அமலோற்பவம் சத்தம் போடுவாள்.

"பாட்டிலத் தொறந்து மூடுறதுக்குள்ள நாலு எலையப் பாத்துரலாம் மேடம்."

அமலோற்பவம் தாவரவியல் பேராசிரியை. மாடக்கண்ணு அவளிடம் சம்பளத்துக்கு இருக்கும் காட்டு வழிகாட்டி. ஓய்வுக்கு இன்னும் பதினான்கு மாதம். பிரியாணியில் போடுகிறோமே கல்பாசி, அந்தக் கூட்டம்தான் அவளுடைய பாடம். அதிலும் கல்லில் வளர்வதையும் மரப்பட்டையில் வளர்வதையும் மற்றவர்களுக்கு விட்டுவிட்டு, மழைக்காட்டு இலைகளின் மேல் மட்டும் வளர்கிற வகைகளைப் பிடித்துக்கொண்டாள். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாகாது. அதைத் தின்ன முடியாது, விற்க முடியாது, யாருக்கும் அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது. இந்த முப்பது வருடத்தில் மற்றவர்கள் பெயர் வைத்த இனங்களைச் சரிபார்த்துக் கொடுத்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அவளே பெயர் வைத்தது என்று ஒன்றுகூட இல்லை. அந்த வருத்தம் அவளுக்கு உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

நாலு வருடத்துக்கு முன்னால் மாடக்கண்ணுதான் அவளை அந்த மரத்திடம் கூட்டிப்போனார். ஊசிக்கல் எஸ்டேட்டின் நான்காம் டிவிஷனுக்குக் கீழே, ஓடையைத் தாண்டி, ஆள் நடமாட்டம் அற்றுப்போன ஒரு பள்ளம். அங்கே காட்டு ஜாதிக்காய் மரம் ஒன்று சாய்ந்த வாக்கில் நிற்கிறது. கீழ்க்கிளைகள் தரையைத் தொடுகின்றன. அந்தக் கிளைகளின் அகலமான இலைகளில்தான் அது இருந்தது.

"எலைக்குத் தேமல் வந்திருக்கு மேடம்" என்றார் மாடக்கண்ணு. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

தேமல் இரண்டு மாதிரியாக இருந்தது. பெரியது சாம்பல் பச்சை, விளிம்பில் லேசான சுருக்கம், நடுவில் கருஞ்சிவப்பாகச் சின்னச் சின்னத் தட்டுகள். சின்னது மிளகு அளவுதான், வெளிறிப்போய், தட்டு எதுவும் வைக்காமல், எப்போதும் பெரியதை ஒட்டியே கிடந்தது. தனியாக ஒரு சின்னதைக்கூட அவள் பார்த்ததில்லை. நிறம், கனம், விளிம்பு என்று எதை எடுத்து அளந்தாலும் இரண்டும் வேறு வேறு. ஆனால் ஒன்று இடித்தது. இரண்டு வேறு இனங்கள் ஒரே இலையில் வளர்ந்து முட்டிக்கொண்டால் நடுவே ஒரு கறுப்புக் கோடு விழும். வயலுக்கு நடுவே வரப்பு மாதிரி, இது என் எல்லை, அது உன் எல்லை என்று. இந்த இரண்டுக்கும் நடுவே அந்தக் கோடு இல்லை.

ஒரே இனமா, இரண்டு இனமா? இந்தக் கேள்வியோடுதான் அவள் மூன்று வருடம் குடித்தனம் நடத்தினாள். கடைசியில் இரண்டு என்று முடிவுகட்டி, இரண்டு புதிய இனங்கள் என்று கட்டுரை எழுதி அனுப்பினாள். எல்லாம் சரி, டி.என்.ஏ. பார்த்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

விநோதங்கள் இன்னும் இரண்டு இருந்தன. காட்டு ஜாதிக்காயின் இலை இரண்டு மூன்று வருடத்தில் உதிர்ந்துவிடும். நூல் கட்டி அடையாளம் வைத்த தேமல் இலைகளில் நாலு வருடமாக ஒன்றுகூட உதிரவில்லை. மார்கழிக் காலையில் மரம் முழுக்கப் பனி கோத்திருக்கும்போது தேமலின் மேல் மட்டும் துளி நிற்காது. தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். 'வெயில் பட்டதால் இருக்கலாம்' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பள்ளத்தில் வெயில் விழுவதே இல்லை என்பது எழுதும்போது அவளுக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் மரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடும்போது மாடக்கண்ணு அதிசயமாக வாயைத் திறந்தார்.

"இது செடியா மேடம், காளானா?"

"ரெண்டும் சேந்தது. ஒரு ஜீவன் இல்ல மாடக்கண்ணு. பூஞ்சைக்கு வீடு கட்டத் தெரியும், சமைக்கத் தெரியாது. பாசிக்குச் சமைக்கத் தெரியும், வீடு கிடையாது. பூஞ்சை பாசியப் பிடிச்சு உள்ள வச்சுக்கிடும்."

"பாசிக்கு அதுல சம்மதமா?"

"அதுல எங்களுக்குள்ளயே இன்னும் சண்டை ஓயல."

அவர் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு யோசித்தார். "செத்த பாசியப் பிடிச்சா?"

"ஒட்டாது. உசுரோட இருக்கணும், தொட்ட எடத்துல அசையாம இருக்கணும். முழுசாச் சுத்தி வளைக்கப் பன்னெண்டு நாளாவது ஆவும். நடுவுல அது செத்துட்டா இதுவும் விட்டுரும்."

மாடக்கண்ணு தலையை ஆட்டிக்கொண்டார். அவர் எதையும் ஒரு தடவை கேட்டால் மறக்காத ஆள்.

அந்த மலையைப் பற்றி ஊரில் எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசியில் மேல் சரிவு மொத்தமாக இறங்கி, நான்காம் டிவிஷனில் தொழிலாளர்கள் இருந்த லயன் வீடுகளை வாரிக்கொண்டு போனது. செத்தது இருபத்துமூன்று பேர். மூன்றாம் நாளே இருபத்துமூன்று உடலும் கிடைத்துவிட்டன. காணவில்லை என்று வேறு யாரும் சொல்லாததால் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். மாடக்கண்ணு அன்றைக்கு ஃபாக்டரி டூட்டியில் இருந்ததால் தப்பினார். மகள் முத்துக்கனி கீழே அம்பாசமுத்திரத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். மனைவி பேச்சியம்மாளைப் பற்றி மட்டும் டீக்கடையில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அவள் அன்று காலையிலேயே தேயிலை லாரிக்காரனோடு ஓடிப்போய்விட்டாளாம். ஓடிப்போனதால் பிழைத்தாள் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரிப்பார்கள். அமலோற்பவமும் இதைக் கேட்டிருக்கிறாள். மாடக்கண்ணு இதைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசியதில்லை.

டி.என்.ஏ. வேலையை அவள் தன் பழைய மாணவி நூருன்னிசாவிடம் கொடுத்தாள். மேலப்பாளையத்துப் பெண். எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். மெஷினில் போட்டால் அரை நாளில் படித்துத் தந்துவிடும். போன வருடம் முதல் தடவை போட்டபோதே தகராறு. பூஞ்சை இருந்தது, பாசி இருந்தது, கூடவே மனித டி.என்.ஏ.வும் இருந்தது.

இது ஒன்றும் புதிதில்லை. இலையைப் பறிக்கிறவன் கை, கவரை ஒட்டுகிறவன் எச்சில், ஆய்வுக்கூடத்தில் தும்முகிறவன் சளி என்று எல்லாம் அதில் வந்து சேரும். மெஷினே மனிதன் என்று கண்டதைக் கழித்துக் கீழே போட்டுவிடும். அன்றைக்கு நூருன்னிசா அந்தக் கட்டத்தில் டிக் போட மறந்துவிட்டதால்தான் கண்ணில் பட்டது. யாருடைய அழுக்கு என்று பார்த்துவிடலாம் என்று எல்லாரிடமும் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சை விட்டு எடுத்து ஒப்பிட்டார்கள். பெரிய வகையில் இருந்தது யாரோ ஒரு பெண். யாரோடும் பொருந்தவில்லை. சின்ன வகையில் இருந்தது மாடக்கண்ணுவோடு பாதி பொருந்தியது.

"பாதி பொருந்துதுன்னா பாதி ஒங்க எச்சில்தான?" என்று அமலோற்பவம் அவரைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "மூணு வருச வேலை. ஒங்க நாக்கால நாசமாப் போச்சு."

மாடக்கண்ணு அவள் நீட்டிய ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு மாதம் அவரும் பேசவில்லை, அவளும் சமாதானம் சொல்லவில்லை.

இந்த வருடம் அவள் தானே பறித்தாள். கையுறை, முகக்கவசம், தலைக்கு உறை. மாடக்கண்ணு இருபதடி தள்ளி நின்றார். கவரைக் கிளிப் போட்டு மூடி அனுப்பி ஒரு வாரம் ஆனது. போனில் சொல்ல வேண்டிய முடிவைச் சொல்ல நூருன்னிசா மதியம் மூன்று மணிக்கு நேரில் வந்து நின்றாள். மாதிரி இலைகளைக் காயவைத்து அடுக்கியிருக்கும் அறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"மேடம், கோவப்படாதீங்க. திரும்பவும் மனுச டி.என்.ஏ. வந்திருக்கு."

"வாய்ப்பே இல்ல நூரு."

"போன வருசம் நூத்துக்குப் பன்னெண்டு இருந்துச்சு. இந்த வருசம் முப்பத்தொண்ணு. நாம சுத்தமா இருந்தா கொறையணும்லா? கூடுது. அப்ப அது வெளிய இருந்து ஒட்டுன அழுக்கு இல்ல மேடம். அது தேமலோட பாகம்."

அமலோற்பவம் உட்கார்ந்தாள்.

"இன்னொண்ணு. போன வருசம் சின்ன வகை மாடக்கண்ணு அண்ணனோட பாதி ஒத்துப்போச்சு. பாதி எச்சில்னு நீங்க சொன்னீங்க, நானும் மண்டைய ஆட்டுனேன். எச்சில் கலந்தா அப்படி ஒத்துப்போகாது. இது எந்த எடத்துல தொட்டுப் பாத்தாலும் சரிபாதி அவரோடது, சரிபாதி இன்னொரு ஆளோடது. இது பாடத்துல முதல் வருசம் வாரது. ரெண்டு பேருமே பாக்கத் தவறிட்டோம். இது கலப்படம் இல்ல மேடம். பிள்ளை."

"அவருக்கு ஒரே பொண்ணுதான்."

"இது பையன்."

"மீதிப் பாதி?"

"பெரிய வகைல இருக்கற பொம்பளை. அந்தப் பையனோட அம்மா."

நூருன்னிசா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"செல்லு உசுரோட இருக்கு. நான் மைக்ராஸ்கோப்புல பாத்தேன். பாசி சோறு போடுது, பூஞ்சை வீடு கட்டுது. இது ஒண்ணும் செய்யல. சும்மா இருக்கு. அது இருக்கறதுக்காகவே மத்த ரெண்டும் பாடுபடுற மாதிரி இருக்கு. சூடு மட்டும் குடுக்குது. முப்பத்தேழு டிகிரி. நம்ம சூடு."

"பையனுக்கு என்ன வயசு இருக்கும்?"

"பொறக்கல மேடம். வயித்துல இருக்கற பிள்ளையோட செல்லு அம்மா ரத்தத்துல கொஞ்சம் ஓடும். காயம் வழியா வந்திருக்கணும். மூணு மாசமோ, நாலு மாசமோ. இன்னும் அந்த வயசுலயே நிக்குது."

அமலோற்பவம் எதிரே இருந்த அலமாரியைப் பார்த்தாள். அதில் நாற்பத்தொரு காகித உறைகள். ஒவ்வோர் இலையையும் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அமுக்கி, பூச்சி வராமல் இருக்க ஒரு வாரம் ஐஸ்பெட்டியில் உறையவிட்டு, அந்துருண்டை போட்டு அடுக்கியது அவள்தான். எல்லாரும் செய்கிற முறைதான் அது. எழுந்து அலமாரிக்குப் போனாள். ஒரு உறையைப் பிரித்து, தூரிகையைத் தண்ணீரில் நனைத்து, இரண்டு வருடமாகக் காய்ந்து கிடந்த தேமலின் மேல் ஒரு சொட்டு விட்டாள். அரை நிமிடத்தில் பச்சை ஏறியது. விரலை வைத்துப் பார்த்தாள். சூடு வருவதற்கு முன்பே விரலை எடுத்துக்கொண்டாள்.

செத்ததைப் பூஞ்சை ஏற்காது. தொட்ட இடத்தில் அசையாமல், உயிரோடு, பன்னிரண்டு நாளாவது இருக்க வேண்டும். மீட்புக்காரர்கள் மூன்றாம் நாள் மலையிறங்கிவிட்டார்கள். இந்தக் கணக்கை அவள் நூருன்னிசாவிடம்கூடச் சொல்லவில்லை. மாடக்கண்ணுவிடம் சொல்லப் போவதில்லை என்று அப்போதே முடிவுசெய்துகொண்டாள்.

மறுநாள் காலை மலைக்குப் போனாள். ஜீப் போகிற மட்டும் போய், மீதியை இருவரும் நடந்தார்கள். தூறல் விட்டு விட்டு விழுந்தது. மரத்தடிக்கு வந்ததும் அவள் சொல்ல ஆரம்பித்தாள். முன்கூட்டி யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வாயில் வரவில்லை. பெரிய வகையில் ஒரு பெண் இருக்கிறாள் என்றாள். சின்ன வகை அவளுடைய பிள்ளை என்றாள். அந்தப் பிள்ளைக்கு அப்பா யார் என்றும் சொன்னாள்.

"பேச்சி" என்றார் மாடக்கண்ணு. அது கேள்வியாக இல்லை.

பிறகு, அவர் மொத்தமாக நாலு வருடத்தில் பேசியதைவிட அதிகமாகப் பேசினார்.

"அன்னைக்குக் காலையில சண்டை மேடம். அவளுக்கு நாலு நாளாத் தலைசுத்தல், சோறு எறங்கல. வேலைக்குப் போவாம இருக்க நடிக்கான்னேன். பதில் பேசல. எட்டு மணிக்கு லாரில ஏறிப்போனத நாலு பேரு பாத்தானுவ. கீழ ஆசுபத்திரிக்குப் போயிருக்கா. இப்பத்தான வெளங்குது. பாத்துட்டு, சாயந்தரம் குறுக்குப் பாதைல நடந்து ஏறியிருக்கா. அந்தப் பாதை இங்கனதான் வரும். மலை எறங்குனதும் அந்த நேரந்தான். எங்கிட்டச் சொல்லத்தான் வந்திருப்பா."

"மாடக்கண்ணு, ஒங்க மேல தப்பில்ல."

"கேளுங்க மேடம். ரெண்டாம் நாள் ஆபீசர் நோட்டோட வந்தாரு. ஒங்க வீட்டுல யாராச்சும் காணுமான்னு கேட்டாரு. சுத்தி அம்புட்டு பேரும் நிக்கான். லாரிக்காரன் கதை அதுக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. காணும்னு சொன்னா சிரிப்பானுவன்னு நெனச்சேன். எங்க வீட்டுல ஆரும் கொறையல சார்னு சொல்லிட்டேன். அவரும் எழுதிக்கிட்டாரு."

அமலோற்பவத்துக்கு அழுகை வந்தது. இந்த மனிதரை எச்சில் வைத்ததற்காக ஊமையாக்கி வைத்திருந்தோமே என்று இருந்தது. தூறல் வலுத்ததால் இலைகளில் இருந்த தேமல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை காட்டின.

மாடக்கண்ணு கையுறை மாட்டிய கையை ஓர் இலைக்குக் கீழே ஏந்தினாற்போல் வைத்துக்கொண்டு கேட்டார்: "பாசி உசுரோட இருந்தாத்தான் ஒட்டும்னீங்க. பன்னெண்டு நாளாவது ஆவும்னீங்க. மனுசருக்கும் அதே கணக்கா மேடம்?"

அவள் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

"பாசிக்குத்தான் சொன்னேன். மனுசருக்கு யாரும் பாத்ததில்ல" என்றாள். அது உண்மைதான். உண்மையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல முடியும் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரிந்தது.

"சரி மேடம்" என்றார். ஆனால் அவருடைய கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போவதை அவள் பார்த்தாள். பன்னிரண்டாவது கணுவில் வந்து நின்றது.

அவள்தான் பேச்சை மாற்றினாள். "நான் இதை எழுதுனா, பேச்சி ஓடிப்போகலன்னு ஊரு ஒலகத்துக்கே தெரியும். அந்த டீக்கடைக்காரன் வாய் மூடும். ஆனா எழுதுனா எல்லா நாட்டுக்காரனும் இந்த மரத்துக்கு வருவான். எலை வேணும்பான். குடுக்கலன்னா கேஸ் போட்டாவது எடுப்பான்."

"தேமல் உள்ள எலை எத்தன இருக்கு?"

"மரத்துல எரநூத்துப் பத்து."

"நாம எடுத்தது?"

"நாப்பத்தொண்ணு."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "ஊருக்குத் தெரிஞ்சு என்ன ஆவப்போவுது. அவன் வேற கதை சொல்லிச் சிரிப்பான். கனிக்குத் தெரிஞ்சாப் போதும்."

டவர் கிடைக்கிற வளைவு வரை ஏறிப்போய் மகளுக்குப் போன் போட்டார். அமலோற்பவம் கேட்கக் கூடாது என்று தள்ளி நின்றாள். மலையில் குரல் எங்கே நிற்கும். "அம்மா போவலட்டி" என்றது காதில் விழுந்தது. "எங்கயும் போவல. இங்கனதான் இருந்திருக்கா. அப்பாதான் தேடல."

அந்த வாரமே அமலோற்பவம் பத்திரிகைக்கு எழுதினாள். மாதிரிகள் மனித டி.என்.ஏ.வால் மாசுபட்டுள்ளன, இரண்டு புதிய இனங்கள் என்ற முடிவைத் திரும்பப் பெறுகிறோம் என்று இரண்டே வரி. தன் பெயரில் ஓர் இனம் என்ற ஆசையை அந்த இரண்டு வரியில் மூட்டைகட்டி வைத்துவிட்டாள். நூருன்னிசா இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்தாள். இவ்வளவு பெரிய விஷயத்தை அழுக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட எந்த ஆய்வாளருக்குத்தான் மனசு வரும். மூன்றாம் நாள் மெஷினில் இருந்த கோப்புகளை அவளே அழித்துவிட்டு, "நான் ஒண்ணும் பாக்கல மேடம்" என்று மெசேஜ் அனுப்பினாள்.

நாற்பத்தொரு உறைகளையும் ஒரு எவர்சில்வர் தூக்கில் வைத்து மலைக்குக் கொண்டுபோனார்கள். மரத்தடியில் இலைகளைப் பிரித்துப் பரப்பி, தண்ணீர் தெளித்தார்கள். எல்லாம் பச்சை காட்டின. மாடக்கண்ணு கற்பூரம் கொண்டுவந்திருந்தார். கையில் எடுத்தவர், என்ன நினைத்தாரோ, ஏற்றாமல் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

இறங்கும்போது கேட்டார். "பன்னெண்டு நாள் லீவு வேணும் மேடம்."

காரியம் செய்ய ஊருக்குப் போகிறார் என்று அவள் நினைத்தாள். ஒன்பது வருடமாகச் செய்யாத காரியம். எதற்கு என்றுகூடக் கேட்காமல் சரி என்றாள். பதின்மூன்றாம் நாள் காலையில் மாடக்கண்ணு வேலைக்கு வந்து நின்றார். கன்னம் ஒட்டிப்போய், சட்டையெல்லாம் மண்ணாக இருந்தது. பசி என்று சொல்லி எட்டு இட்லி சாப்பிட்டார். இடது கையில் மட்டும் கையுறை போட்டிருந்தார். அவள் மற்ற வேலையில் அதைக் கவனிக்கவில்லை.

வடகிழக்கு மழை முடிந்து தை பிறந்தபின், ஓய்வு பெறுவதற்கு முன் கடைசி தடவையாக அவள் அந்தப் பள்ளத்துக்கு இறங்கினாள். ஆய்வு என்று எதுவும் இல்லை. பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனாள். கீழ்க்கிளையின் கடைசி இலையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தபோது கை நின்றுவிட்டது.

பெரியது இருந்தது. அதை ஒட்டிச் சின்னது இருந்தது. இன்னொரு பக்கம், போன தடவை வெறும் இலையாக இருந்த இடத்தில், மூன்றாவதாக ஒன்று இருந்தது. கொஞ்சம் பழுப்பு, கனத்த விளிம்பு, சுண்டுவிரல் நகம் அளவு. முப்பது வருடப் பழக்கத்தில் அவள் கை தானாகப் பைக்குள் காகித உறையைத் தேடியது. உறையைத் தொட்டதும் விட்டுவிட்டாள். திரும்பி மாடக்கண்ணுவின் இடது கையைப் பார்த்தாள்.

"கழட்டுங்க" என்றாள்.

அவர் தயங்கவில்லை. கையுறையை மெல்ல உருவினார். உள்ளங்கை நடுவில், அரையணா அகலத்துக்கு, வெளிறிய தேமல். கிளையிலிருந்து பனித்துளி ஒன்று அதன் மேல் சொட்டியது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பச்சை காட்டியது.

"வலிக்கா?"

"இல்ல மேடம். மழை பெஞ்சா குளுகுளுன்னு இருக்கு. அவ்வளவுதான்."

"பன்னெண்டு நாளும் இங்கனதான் இருந்தீங்களா?"

"இந்த எலைய உள்ளங்கையில வச்சுக்கிட்டு அசையாமப் படுத்துக் கெடந்தேன். ஓடைத் தண்ணி குடிச்சேன். அவளுக்கு அதுகூட எட்டியிருக்காது." சொல்லிவிட்டு இலையின் பக்கம் குனிந்தார். "இது என்ன வகை மேடம்?"

அவளுக்குப் பயமாக இருந்தது. இருந்தும் கண்ணாடியை எடுத்து இன்னொரு தடவை பார்த்தாள். மூன்றும் முட்டிக்கொள்கிற இடத்தைச் சுற்றிச் சுற்றி, இலையைத் திருப்பி, வெளிச்சத்துக்குப் பிடித்துத் தேடினாள். எங்கேயும் அந்தக் கறுப்புக் கோடு இல்லை.

"ஒரே வகைதான் மாடக்கண்ணு" என்றாள்.

அவர் திருப்தியாகத் தலையாட்டினார். கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார்.

"கனி பரீட்சை லீவுக்கு வாரா. அம்மா இருந்த எடத்தப் பாக்கணும்னு அழுவுதா. கூட்டிட்டு வராம இருக்க முடியாது. அவ எதக் கண்டாலும் தொட்டுப் பாக்கற பிள்ளை மேடம். அவளுக்கு ஒரு ஜோடி கையுறை குடுங்க."

அமலோற்பவம் பையில் இருந்த இரண்டு ஜோடியையும் எடுத்து அவரிடம் கொடுத்தாள்.